பூண்டு வாசம் அடித்த கேக்

எங்கள் பெரியம்மா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவள். உயரமான கட்டடங்களில் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோனால் அவளுக்குத்தான் ஃபோன் வரும். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறிப் போவாள். "லிஃப்டச் சரி பண்ணப் போறவளுக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது" என்று அலுத்துக்கொள்வாள்.

பெரியப்பாவை அவள் முதன்முதலில் பார்த்ததே ஒரு லிஃப்டுக்குள்தான். அவர் பேக்கரியில் கேக் போடுகிறவர். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ மூன்றடுக்குக் கேக் ஒன்றை மேல்மாடிக்குக் கொண்டுபோகும்போது கரண்ட் போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கேக்கைக் கையில் ஏந்தியபடியே நின்றிருக்கிறார். பெரியம்மா மேலேயிருந்து கதவை நெம்பித் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, "கீழ வச்சிருக்கலாமே" என்று கேட்டாளாம். "தரை சுத்தமா இல்ல" என்றாராம் அவர். அந்த ஒரு பதிலில் விழுந்தவள்தான் என்று பெரியம்மா எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். பெரியப்பாவைக் கேட்டால், "கை வலிச்சுது" என்று மட்டும் சொல்வார். அவர் அப்படித்தான். மாவையும் சர்க்கரையையும் அளந்து போடுகிறவர், வார்த்தையையும் அளந்துதான் போடுவார். பெரியம்மா அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

வருஷக்கணக்கில் ஏறிய படிகள் அவள் முழங்காலைத் தேய்த்துவிட்டன. இனி படியேறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது பேச்சுக்குத்தான். முதலில் வீட்டு மிக்ஸியைப் பிரித்து மாட்டினாள். பிறகு மின்விசிறிகள். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருந்தபோது, சாவியை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன பாவத்துக்கு, அவர்களுடைய வாஷிங் மெஷின். பெரியப்பா பேக்கரியிலிருந்து ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால், அவருடைய சொந்தத் தராசு சாப்பாட்டு மேசை மேல் துண்டுதுண்டாகக் கிடந்தது. அன்றைக்குத்தான் அவர் குரல் உயர்ந்ததை நாங்கள் கேட்டோம்.

"உனக்கு ஒரு வேலை வேணும்."

"என்ன வேலை பாக்கச் சொல்றீங்க?"

"உசிரோட இருக்கறதா ஏதாவது வளர்த்துப் பாரு. பிரிச்சு மாட்ட முடியாது."

கோழிப் பண்ணை வந்த கதை இதுதான். பேக்கரிக்குத் தினமும் முட்டை வேண்டும். வீட்டுக்குப் பின்னால் மூடிக்கிடந்த ஓர் அச்சகத்தின் கொட்டகை காலியாக இருந்தது. பெரியம்மா அதை வாடகைக்கு எடுத்து, கூரையை மாற்றி, இரும்பு வலை அடித்து, வெள்ளைக் கோழிகளாக வாங்கி நிரப்பினாள். தண்ணீர் தானாக நிரம்பும் குழாய், இழுத்தால் சத்தமில்லாமல் நகரும் கதவு, முட்டை உருண்டு வந்து மெத்தென்று நிற்கும் சரிவு என்று கொட்டகையே ஒரு மெஷின் மாதிரி இருந்தது. காலையில் உள்ளே நுழையும்போதே, "என்னம்மா, எல்லாரும் தூங்கினீங்களா?" என்று ஆரம்பிப்பாள். கோழிகள் பதிலுக்குக் கொக்கரிக்கும். வாழ்நாளில் முதல்முறையாக அவள் பேச்சுக்கு ஈடுகொடுக்கும் கூட்டம் கிடைத்திருக்கிறது என்று என் அம்மா சொன்னாள்.

பெரியம்மாவுக்கு எல்லாவற்றையும்விடப் பெருமை அவளுடைய டிரம்கள். மக்காச்சோளத்தை மலிவான நேரத்தில் மொத்தமாக வாங்கி, நீல நிற பிளாஸ்டிக் டிரம்களில் கொட்டி, பழைய லிஃப்ட் கதவின் ரப்பர் பட்டையை மூடியைச் சுற்றி ஒட்டி, இறுக்கி மூடி வைத்திருந்தாள். எலி போகாது, எறும்பு போகாது, காற்றுகூடப் போகாது. வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுப்பதற்கு முன்னால் அந்த டிரம்களைக் காட்டுவாள்.

இரண்டு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது. மூன்றாவது வருஷம் மழை விட்டுவிட்டுப் பெய்தது. பகலில் புழுக்கம், சாயங்காலம் குளிர்ச்சி. அப்போதுதான் கோழிகள் மந்தமாக ஆரம்பித்தன. கொண்டை வெளுத்தது. தீவனத்தைக் கொத்திவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தன. முட்டை குறைந்தது. வந்த முட்டையும் ஓடு மெலிந்து, எடுக்கும்போதே விரலில் உடைந்தது. பெரியம்மா முதலில் குழாயைச் சந்தேகப்பட்டாள். குழாயைக் கழற்றி மாட்டினாள். பிறகு காற்றோட்டத்தைச் சந்தேகப்பட்டு இரண்டு மின்விசிறி சேர்த்தாள். ஒருநாள் காலையில் அவள் "என்னம்மா, எல்லாரும்..." என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திவிட்டதை நான் என் காதால் கேட்டேன். மூலையில் மூன்று கோழிகள் செத்துக் கிடந்தன.

கால்நடை மருத்துவமனையிலிருந்து டாக்டரம்மா வந்தார். முட்டி வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வருகிறவர். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. எதைச் சொன்னாலும் அதன் பின்னால் ஒரு சிரிப்பு காத்துக்கொண்டிருக்கும். அன்று சிரிக்கவில்லை. செத்த கோழி ஒன்றை ஜன்னலோரம் இருந்த தகர மேசையில் வைத்து அறுத்து, ஈரலை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"நல்ல ஈரல் கருஞ்சிவப்பா, வழவழன்னு இருக்கும்மா. இதப் பாருங்க. வெளுத்து மஞ்சளாயிருச்சு. தொட்டா உதிருது."

பெரியம்மா தொட்டுப் பார்த்தாள். உதிர்ந்தது.

"தீவனம் எங்க வச்சிருக்கீங்க?"

அந்த நிலைமையிலும் பெரியம்மாவின் முகத்தில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. டிரம்களிடம் கூட்டிக்கொண்டு போனாள். "காத்துகூட உள்ள போகாது டாக்டர்" என்றாள்.

டாக்டரம்மா ஒரு மூடியைத் திறந்து திருப்பிப் பிடித்தார். அடிப்பக்கம் முழுக்க முத்துமுத்தாக நீர் கோத்திருந்தது. முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி சோளத்தை அள்ளினார். கட்டிகட்டியாக வந்தது. பச்சையும் மஞ்சளும் கலந்த தூசு மாதிரி ஒன்று அதன் மேல் படிந்திருந்தது. பழைய ஈரத்துணி நாற்றம்.

"உள்ள போகாதுங்கறது சரி. வெளியவும் போகலயே. சோளம் கொஞ்சம் ஈரமா இருக்கும்போதே மூடியிருக்கீங்க. பகல்ல சூடாகி உள்ளேயே வேர்த்திருக்கு, சாயங்காலம் அந்த வேர்வை மூடியிலேர்ந்து சொட்டியிருக்கு. பூஞ்சைக்கு இதவிட சொகுசான வீடு கிடைக்காது."

"பூசணம் புடிச்சதத் தின்னா வயிறுதானே கெடும்? செத்தா போயிடும்?"

"பூஞ்சைய விடுங்க. அது சோளத்துக்குள்ள ஒரு நஞ்ச விட்டுட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாது, வேகவச்சாலும் போகாது. அது நேரா ஈரல்ல போய் உக்காரும். சோதனைக்கு அனுப்பறேன், ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல."

சோதனை முடிவும் அதையேதான் சொன்னது. டிரம் அத்தனையையும் காலி செய்து, சோளத்தைக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். வேறு ஆடு மாட்டுக்குக்கூடப் போடக் கூடாது என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். கோழி தின்ற நஞ்சில் கொஞ்சம் முட்டைக்கும் வரும் என்பதால், அவர் சரி என்று சொல்லும்வரை ஒரு முட்டையும் வெளியே போகக் கூடாது. பேக்கரிக்கு வேறு இடத்திலிருந்து முட்டை வந்தது. நான் பார்க்கப் போனபோது பெரியம்மா கொட்டகை வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நானே என் கையால அள்ளி அள்ளிப் போட்டிருக்கேன்டி" என்றாள். "இன்னும் கொஞ்சம் தின்னுங்கம்மான்னு கெஞ்சி வேற போட்டேன்."

பெரியப்பா வந்து, இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பெரியம்மாவின் சோகத்துக்கு ஆயுசு குறைவு. அடுத்த நாளே எழுந்துவிட்டாள். டாக்டரம்மா போகும்போது சில விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். முதலாவது, நன்றாகக் காய்ந்த புதுச் சோளம். இரண்டாவது, தீவனத்தில் கலக்க ஒருவகைக் களிமண் பொடி. மிச்சம்மீதி நஞ்சு இருந்தால் அதை வயிற்றிலேயே பிடித்து வைத்து எச்சத்தோடு வெளியே தள்ளிவிடும். மூன்றாவதாக, போகிற போக்கில் சொன்னார்: சில செடிகளில் இருக்கிற சத்துகள் அடிபட்ட ஈரலுக்குத் துணையாக நிற்கும், மஞ்சள், ஓமம், பூண்டு, ஊதாப் பூ பூக்கிற ஒரு முட்செடியின் விதை என்று பலவற்றை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது, தேவைப்பட்டால் பிறகு பேசுவோம், அளவு தெரியாமல் எதையும் போட வேண்டாம்.

பெரியம்மா முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தாள். மூன்றாவதில், பூண்டு என்ற வார்த்தைக்குப் பிறகு வந்த எதுவும் அவள் காதில் விழவில்லை.

டாக்டரம்மா முட்டையை விற்கலாம் என்று அனுமதி கொடுப்பதற்கும் பெரியம்மாவின் மூலிகை வைத்தியம் உச்சத்துக்குப் போவதற்கும் சரியாக இருந்தது. சமையலறையில் எங்களுக்கு நுழைய இடமில்லை. ஒரு பக்கம் பூண்டு உரித்துக் குவிந்திருக்கும். இன்னொரு பக்கம் ஓமம் கொதிக்கும். மஞ்சள் தூளை மூட்டையாகவே வாங்கிவிட்டாள். தீவனத்தில் கலந்தாள், தண்ணீரில் கரைத்தாள், தரையிலும் ஒரு தெளி தெளித்துவிட்டாள். வெள்ளைக் கோழிகளின் நெஞ்செல்லாம் மஞ்சளாகிவிட்டது. பெரியம்மாவின் கை முழங்கை வரை மஞ்சள். கதவுப்பிடி, டி.வி. ரிமோட், பெரியப்பாவின் வெள்ளைச் சட்டைக் காலர் எல்லாவற்றிலும் அவள் விரல் பட்ட அடையாளம் இருந்தது.

"அக்கா, டாக்டர் அளவா போடச் சொல்லலயா?" என்று என் அம்மா கேட்டாள்.

"விஷம் அளவு பாத்தா வந்துச்சு?" என்றாள் பெரியம்மா.

கோழிகள் தேறிக்கொண்டுதான் இருந்தன. கொண்டை சிவக்க ஆரம்பித்திருந்தது. நல்ல தீவனத்தினாலா, களிமண்ணினாலா, நாள் போனதாலா என்று யாருக்கும் தெரியாது. பெரியம்மாவுக்கு மட்டும் தெரியும்: பூண்டு. அதனால் பூண்டை இரண்டு பங்காக்கினாள்.

அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஓய்வு பெற்றார். பிரிவு விழாவுக்குப் பெரிய வெனிலா கேக் வேண்டுமென்று பேக்கரிக்கு ஆர்டர் வந்தது. பெரியப்பா தன் மனைவியின் கோழிகள் மறுபடி இட ஆரம்பித்த முட்டைகளை ஆசையாக எடுத்துப்போய் அந்தக் கேக்கைப் போட்டார். அவருக்கு ஒரு வாரமாகக் கடுமையான ஜலதோஷம். மூக்கு சுத்தமாக அடைத்திருந்தது. மேலே வெள்ளை கிரீம் பூசி, ரோஜாப் பூக்கள் வைத்து, பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அனுப்பி வைத்தார்.

விழாவில் தலைமையாசிரியை கேக்கை வெட்டி முதல் துண்டை வாயில் வைத்தார். மரியாதை தெரிந்தவர். மென்று விழுங்கிவிட்டு, "வித்தியாசமா இருக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஆனால் முதல் வரிசையில் இருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியாது. "டீச்சர், கேக்ல பூண்டு" என்று ஒன்று கத்த, மண்டபமே மோந்து பார்க்க ஆரம்பித்துவிட்டது.

மீதிக் கேக்கோடு பேக்கரி முதலாளியே பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். கோபத்தில்தான் வந்தார். பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார். பெரியம்மா குனிந்து ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு கொஞ்சம் சேத்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

முதலாளி உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. அடைத்த மூக்கோடு ஒரு துண்டை எடுத்து மோந்து மோந்து பார்த்தார். அவருடைய கேக் திரும்பி வருவது அதுதான் முதல்முறை. மறுநாள் அவர் தன் கையால் இன்னொரு கேக் போட்டு, வேறு முட்டையில், தலைமையாசிரியையின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். பெரியம்மாவும் கூடப் போனாள். போன இடத்தில் அந்த வீட்டு அழைப்பு மணி சரியாக அடிக்கவில்லை என்று அதைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தாள்.

டாக்டரம்மா அடுத்தமுறை வந்தபோது கொட்டகையில் மஞ்சள் கோழிகளைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். கேக் கதையைக் கேட்டதும், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெரியம்மா, நீங்க கோழிக்கு வைத்தியம் பண்ணல, மசாலா தடவியிருக்கீங்க" என்றார். ஊரில் நாங்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவரும் பெரியம்மா என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

"பொழச்சிருச்சுல்ல? கொண்டையப் பாருங்க."

"பொழச்சிருச்சு. எதனால பொழச்சுதுன்னு சொல்லுங்க."

பெரியம்மா வாயைத் திறந்தாள். அவள் லிஃப்ட் சரிசெய்த காலத்தில், ஒரே நேரத்தில் மூன்று பாகத்தை மாற்றிவிட்டு எது பழுது என்று தெரியாமல் முழிக்கிற உதவியாளர்களைத் திட்டித் தீர்த்தவள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா ஒரு யோசனை சொன்னார். அவருக்குத் தெரிந்த ஆராய்ச்சி நிலையம் ஒன்று மஞ்சளிலிருந்தும் அந்த முட்செடி விதையிலிருந்தும் சத்தைப் பிரித்தெடுத்து ஒரு பொடி தயாரித்திருக்கிறது. வாசம் கிடையாது, கொஞ்சமாகக் கலந்தால் நிறமும் தெரியாது. சில பண்ணைகளில் கொடுத்துப் பார்க்கிறார்கள். கொட்டகையை நடுவில் வலை கட்டி இரண்டாகப் பிரிப்போம், இரண்டு பக்கமும் ஒரே தீவனம், ஒரே களிமண், ஒரு பக்கத்துக்கு மட்டும் இந்தப் பொடி, இன்னொரு பக்கத்துக்குப் பார்க்க அதேபோல இருக்கிற வெறும் தவிடு. மூன்று மாதம் கழித்து இரண்டு பக்கத்துக் கோழிகளின் ரத்தத்தையும் எடையையும் முட்டையையும் பார்ப்போம்.

"சரி, எந்தப் பக்கத்துக்குப் பொடி?" என்றாள் பெரியம்மா.

"அது உங்களுக்குத் தெரியக் கூடாது."

"என் கொட்டகை, என் கோழி. எனக்குத் தெரியக் கூடாதா?"

"தெரிஞ்சா அந்தப் பக்கத்துக்கு மட்டும் தண்ணி ரெண்டு தடவ மாத்துவீங்க. நல்லா இருக்கான்னு மணிக்கொரு தடவ போய்ப் பேசுவீங்க. அப்புறம் பொடி வேலை செஞ்சுதா, உங்க கொஞ்சல் வேலை செஞ்சுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பெரியம்மா அடுத்த கேள்விக்குப் போனாள். "அப்ப யாரு கலக்குறது?"

டாக்டரம்மா பெரியப்பாவைப் பார்த்தார். அளப்பதற்கும் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கும் அந்த வட்டாரத்தில் அவரைவிடத் தோதான ஆள் கிடையாது. தனியாகக் கூட்டிக்கொண்டு போய் அவர் காதில் விஷயத்தைச் சொன்னார்.

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்கவே நான் தினமும் போனேன். பெரியப்பா விடிந்ததும் தராசை எடுத்து வைத்து, கேக்குக்கு அளப்பதுபோல ஒரு பாத்திரத்தில் பொடியையும் இன்னொன்றில் தவிட்டையும் அளந்து, தீவனத்தில் கலந்து, வலக்கையில் ஒன்று இடக்கையில் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போவார். பெரியம்மா பின்னாலேயே போவாள்.

"ஏங்க, இடது பக்கம்தானே?"

"தள்ளிக்கோ, கொட்டிரும்."

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீயே போதும்."

நேரடியாகக் கேட்டால் வராது என்று தெரிந்ததும் வேறு வழிகளில் வாயைப் பிடுங்கப் பார்த்தாள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது கேட்டாள். அவருக்குப் பிடித்த குழம்பை வைத்துவிட்டுக் கேட்டாள். ஒருநாள் பொய்யாக, "டாக்டரம்மாவே ஃபோன்ல சொல்லிட்டாங்க, இடது பக்கம்தானாமே" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைக் கவனித்தாள். பெரியப்பா, "அப்படியா" என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொண்டார்.

ஆனாலும் பெரியம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இடது பக்கம்தான். அந்தப் பக்கத்துக் கோழிகள்தான் துருதுருவென்று இருக்கின்றன, முட்டை பளபளவென்று இருக்கிறது, நடையில்கூட ஒரு தெம்பு இருக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். என்னை நிற்க வைத்து, "நீயே பாரு, வலது பக்கத்துல அந்தக் களை இருக்கா?" என்று கேட்டாள். எனக்கு எல்லாக் கோழியும் கோழி மாதிரிதான் இருந்தது. போதாக்குறைக்கு, புது மருந்தைத் தின்கிற தைரியசாலிகள், பாவம் என்று சொல்லி இடது பக்கத்துக்கு மட்டும் தினமும் இரண்டு பிடி கீரை போட ஆரம்பித்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

மூன்று மாதம் முடிந்து முடிவோடு டாக்டரம்மா வந்தார். பெரியம்மா காலையிலிருந்தே இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தாள். பேக்கரி முதலாளிகூட வந்துவிட்டார்.

"வித்தியாசம் தெரியுது" என்றார் டாக்டரம்மா. "ரத்தத்தப் பாத்தா ஒரு பக்கத்துக் கோழிங்களோட ஈரல் இன்னொரு பக்கத்தவிட நல்லாவே தேறியிருக்கு. முட்டை ஓடும் கொஞ்சம் கெட்டி. பெரிய வித்தியாசம்னு சொல்ல மாட்டேன், ஆனா வித்தியாசம் இருக்கு. மத்த பண்ணையிலயும் கிட்டத்தட்ட இதேதான்."

"நான்தான் சொன்னேனே" என்றாள் பெரியம்மா எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்து. "இடது பக்கம்."

"வலது பக்கம்" என்றார் டாக்டரம்மா.

பெரியம்மா அவரைப் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா தலையாட்டினார். இடது பக்கத்துக் கோழிகள் மூன்று மாதமாகத் தவிடு தின்றிருக்கின்றன.

"அப்ப அந்தத் தெம்பு?"

"தெம்பு உங்க கண்ணுல."

பெரியம்மாவுக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்து முகம் மாறியது. அசடு வழிய, "டாக்டர், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றாள். "நான் இடது பக்கத்துக்கு மட்டும் கீரை போட்டேன். உங்க கணக்கு தப்பாயிருக்கும்."

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அப்போது பெரியப்பா தொண்டையைக் கனைத்தார்.

"தப்பாகல" என்றார். "நீ அந்தப் பக்கம் போட்ட அன்னிக்கெல்லாம் நான் இந்தப் பக்கம் போட்டேன். அதே அளவு. தராசுல நிறுத்துத்தான்."

மூன்று மாதம் அவளுக்குத் தெரியாமல் கீரை வாங்கி, மறைத்து வைத்து, நிறுத்துப் போட்டிருக்கிறார் மனுஷர். பெரியம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவளுக்குப் புரியவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. கடைசியில், "கீரைக்காரி என்கிட்டயே மூச்சு விடலயே" என்றாள்.

அன்று டாக்டரம்மா புறப்படும்போது ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். இடது பக்கத்துக் கோழிகளும் செடிச் சத்து இல்லாமலே பெருமளவு தேறிவிட்டன. காரணம் காய்ந்த சோளம். செடி துணைக்கு வரும், ஈரச் சோளத்துக்குப் பரிகாரம் ஆகாது. இந்தமுறை பெரியம்மா கடைசி வார்த்தை வரை கேட்டாள்.

கேட்டதோடு விடவில்லை. நீல டிரம்களின் மூடியையெல்லாம் கழற்றி வீசினாள். அடிப்பாகத்தில் ஓட்டை போட்ட ஒரு பெரிய தகரத் தொட்டி செய்து, கீழேயிருந்து காற்றை ஊதுகிற மோட்டார் ஒன்றைப் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து மாட்டி, சோளத்தை உலர்த்துகிற கருவி ஒன்றை உருவாக்கினாள். முதல்நாள் ஓட்டியபோது காற்றின் வேகம் அதிகமாகிச் சோளம் ஊற்று மாதிரி மேலே கிளம்பி, கொட்டகைக் கூரையெல்லாம் சடசடவென்று அடித்தது. கோழிகளுக்கு அன்றைக்கு மேலேயிருந்து விருந்து. இரண்டு வாரம் பிரித்து மாட்டி, பிரித்து மாட்டி, வேகத்தைக் குறைத்தாள். அந்த இரண்டு வாரமும் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நாங்கள் லிஃப்ட் காலத்துக்குப் பிறகு பார்த்ததே இல்லை. ஈரத்தை அளக்கிற சின்னக் கருவி ஒன்றையும் டாக்டரம்மா வாங்கிக் கொடுத்தார். அது சரி என்று காட்டாமல் ஒரு மணி சோளம்கூடக் கொட்டகைக்குள் போகாது.

சுற்றுவட்டாரத்தில் கோழி வளர்ப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். சிலர் தங்கள் சோளத்தையும் கொண்டுவந்து உலர்த்திக்கொண்டு போனார்கள். சிலர் தொட்டி செய்து தரச் சொன்னார்கள். இப்போது அச்சகக் கொட்டகையின் ஒரு பாதியில்தான் கோழி இருக்கிறது. மறுபாதியில் பெரியம்மா தகரம் வெட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தச் செடிப் பொடியையும் விடவில்லை. புதுக் குஞ்சுகள் வரும்போதும் மழைக்காலத்திலும் பெரியப்பா நிறுத்துக் கலக்குகிறார். பேக்கரிக்குப் பழையபடி முட்டை போகிறது. புது ஆர்டர் ஒவ்வொன்றையும் முதலாளி ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூடுகிறார். பழக்கமாகிவிட்டது என்கிறார்.

போன மாதம் டாக்டரம்மா கோழிப் பண்ணைக்காரர்களுக்கு ஒரு கூட்டம் போட்டு, பெரியம்மாவைப் பேசக் கூப்பிட்டார். செடிச் சத்து பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருந்தார். பெரியம்மா மைக்கைக் கையில் வாங்கி, மைக் கரகரப்பதைக் கவனித்து, அதன் ஒயரை ஆட்டிச் சரிசெய்துவிட்டு, முக்கால் மணி நேரம் சோளம் உலர்த்துவதைப் பற்றி மட்டுமே பேசினாள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "அம்மா, செடி நல்லதா கெட்டதா, அதச் சொல்லுங்க" என்று கேட்டார்.

"நல்லதுதான்" என்றாள் பெரியம்மா. "அளந்து போடுங்க. அளக்கறதுக்கு உங்க வீட்ல ஆள் இல்லன்னா எங்க வீட்டுக்காரர அனுப்பறேன்."

கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

திரும்பி வரும்போது வண்டியில் டாக்டரம்மாவும் எங்களோடு வந்தார். வழியில் ஒரு குட்டையில் வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. பெரியம்மா ஜன்னல் வழியாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடுத்து வாத்து வளத்தா என்ன?" என்றாள்.

"வேண்டாம் பெரியம்மா" என்றார் டாக்டரம்மா. "இந்தப் பூஞ்சை நஞ்சு கோழியவிட வாத்துக் குஞ்சத்தான் சீக்கிரம் சாய்க்கும். துளி பட்டாலும் தாங்காது."

"அப்ப இன்னும் நல்லா காய வைப்பேன். எனக்கு மோட்டார் இருக்கு."

டாக்டரம்மா உதவிக்குப் பெரியப்பாவைப் பார்த்தார். வாத்து வேண்டாமென்று அவராவது சொல்வார் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. பெரியப்பாவும் வாத்துகளைத் திரும்பிப் பார்த்தார்.

"வாத்து முட்டையில கேக் நல்லா உப்பி வரும்" என்றார்.